எந்த விரல் மரத்துப்போகிறது?
நரம்பு நெருக்கம்: வாசகர் கேள்வி பதில்

கை, கால் மரத்துப்போவது பற்றி வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே வரிதான் இருக்கிறது: “கை மரத்துப்போகிறது, என்ன மாத்திரை போடலாம்?” மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று விவரங்கள் தெரிய வேண்டும். எந்த விரல், எந்த நேரத்தில், எத்தனை மாதமாக. இந்த மூன்றையும் தெளிவாக எழுதியவர்களின் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். நரம்பியல் மருத்துவர் ஒருவரும் கை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் வேலை பார்க்கிறேன். வயது 44. ஆறு மாதமாக நடுராத்திரியில் வலது கை மரத்து, எரிச்சலோடு விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிவிடும். கழுத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார்கள். குறையவில்லை, டாக்டர். – வாசகி, திருப்பூர்

கையை உதறினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிட்டது அம்மா. மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுகிறவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே செய்வது அது. கழுத்திலிருந்து வரும் வலிக்கு உதறினால் விடிவு கிடைப்பதில்லை.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சிறிய குகை இருக்கிறது. அதற்குத் தரையும் சுவரும் எலும்பு. கூரை, அழுத்தமான ஒரு தசைநார்ப் பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் இதற்குள்தான் போகின்றன. இங்கே விரிந்துகொடுக்கக்கூடியது எதுவும் இல்லை. தசைநாண்களின் உறை கொஞ்சம் தடித்தாலும், உடம்பில் நீர் கோத்தாலும், நசுங்குவது அந்த நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கிறது, கையின் அசைவும் நின்றுவிடுகிறது, குகைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் ராத்திரி தொல்லை. இதைத்தான் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறோம்.

அடுத்த முறை விழிப்பு வரும்போது விளக்கைப் போட்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி, இவை மட்டும் மரத்து, சுண்டு விரல் நன்றாக இருந்தால் அது மீடியன் நரம்பு. மோதிர விரல் இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் மரத்தும் மறுபக்கம் சாதாரணமாகவும் இருப்பது கழுத்து நோயில் அபூர்வம். இன்னொரு அடையாளமும் உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் சதைப்பிடிப்பான மேடு இருக்கிறதல்லவா, அந்த மேட்டின் தோலில் உணர்ச்சி குறைவதில்லை. அதற்குப் போகும் கிளை குகைக்கு முன்பே பிரிந்து, கூரைக்கு மேலாகப் போய்விடுகிறது. அந்த மேட்டுத் தோலும் மரத்தால் கோளாறு மணிக்கட்டுக்கு மேலே எங்கோ இருக்கிறது என்று தேட வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி 60 செகண்ட் வையுங்கள். அதற்குள் அதே விரல்களில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. மருத்துவர் இதோடு, குகையின் மேல் தன் கட்டைவிரலால் 30 செகண்ட் அழுத்திப் பார்ப்பார். எங்களைக் கேட்டால் இந்த இரண்டாவது சோதனைதான் கூடுதல் நம்பகமானது.

அடுத்து பலம். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்குங்கள். மற்றவர் அதை உள்ளங்கைப் பக்கம் அழுத்தும்போது எதிர்த்து நிற்க முடிகிறதா, இரண்டு கைக்கும் வித்தியாசம் இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரல் மேடு ஒரு கையில் மட்டும் தட்டையாகியிருந்தால் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

கழுத்து எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை, நாற்பது தாண்டிய பலருக்கும் தேய்மானம் தெரியத்தான் செய்யும், வலியே இல்லாதவர்களுக்கும் கூட. படத்தில் தெரிகிறது என்பதற்காக நோய் அங்கேதான் என்று முடிவு கட்டக் கூடாது. கழுத்தைத் திருப்பினால் கைக்கு வலி பாய்கிறதா, முழங்கையின் அனிச்சை அசைவு குறைந்திருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். சில சமயம் இரண்டு இடத்திலும் கோளாறு சேர்ந்தே இருக்கும் என்பதும் உண்மை.

கூடவே சர்க்கரைக்கு மூன்று மாத சராசரி ரத்தப் பரிசோதனையும், தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மூட்டுகள் காலையில் இறுகிப்போய் வீங்குகிறதென்றால் முடக்குவாதத்தையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவாக இருந்து, அதற்கு மாத்திரை தொடங்கியதிலேயே கை சரியானவர்கள் இருக்கிறார்கள்.

நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்த ரிப்போர்ட்டில் ‘டிஸ்டல் மோட்டார் லேட்டன்சி 5.6’ என்று எழுதி ‘மாடரேட்’ என்று போட்டிருக்கிறது. என் தங்கைக்கு என்னைவிடத் தொல்லை அதிகம். அவளுக்கு ‘நார்மல்’ என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? – வாசகர், மதுரை

இரண்டையும் நம்பலாம்.

மணிக்கட்டுக்கு மேலே கரண்ட் கொடுத்து, கட்டைவிரல் மேட்டுத் தசை எத்தனை மில்லிசெகண்டில் சுருங்குகிறது என்று அளப்பதுதான் நீங்கள் எழுதியிருக்கும் எண். இயல்பின் மேல் எல்லை ஏறக்குறைய 4.2 முதல் 4.4 (ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கென எல்லை வைத்திருக்கும்). 5.6 என்றால் குகைக்குள் செய்தி தாமதமாகிறது. தாமதம் என்பது நரம்பின் மேலுறையான மயலின் சேதமானதைக் காட்டுகிறது. அழுத்தம் நீங்கினால் அது திரும்ப வளரும். நீங்கள் பார்க்க வேண்டிய அடுத்த எண் ‘ஆம்ப்ளிட்யூட்’, அதாவது அலையின் உயரம். அது குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் நரம்பு இழைகளே அழியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். தாமதத்தைவிட இதுதான் கவலைப்பட வேண்டியது. உணர்ச்சி நரம்பு மட்டும் மெதுவாக இருந்தால் லேசானது. மோட்டார் தாமதமும் சேர்ந்தால் நடுத்தரம். உணர்ச்சி அலை வரவே இல்லை, தசை அலையும் சிறுத்துவிட்டது என்றால் தீவிரம். பொதுவாக இப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள்.

உங்கள் தங்கை விஷயம். இந்தச் சோதனை பெரிய, வேகமான இழைகளை மட்டுமே அளக்கிறது. வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. ஆகவே தெளிவான அறிகுறிகள் இருந்தும் பத்தில் ஒருவர், இருவருக்கு சோதனை இயல்பாகவே வரலாம். அவருடைய மோதிர விரலில் மீடியன், அல்நார் (சுண்டு விரல் பக்கத்து நரம்பு) இரண்டு நரம்புகளின் வேகத்தையும் ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். ஒரே விரல், ஒரே தூரம். இரண்டுக்கும் அரை மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தாலே மீடியன் நரம்பில் கோளாறு என்று பிடித்துவிடலாம். தனித்தனியாக அளக்கும்போது தப்பிவிடுவது இந்த ஒப்பீட்டில் மாட்டிக்கொள்ளும். அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம்: குகையின் வாசலில் நரம்பு வீங்கியிருக்கும். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகிக்கிறோம். கட்டியோ நீர்ப்பையோ அழுத்துகிறதென்றால் அதுவும் படத்தில் தெரிந்துவிடும்.

சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து கை சில்லிட்டிருந்தால், ஆரோக்கியமான நரம்பும் மெதுவாகத்தான் ஓடும். தோலின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் வேகம் செகண்டுக்குச் சுமார் 2 மீட்டர் குறைகிறது. கை சில்லென்றிருந்தால் வெந்நீரில் நனைத்து, துடைத்துவிட்டுப் படுங்கள். டெக்னீஷியனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

மணிக்கட்டுக்கு ஸ்பிளிண்ட் வாங்கி மூன்று வாரமாகப் போடுகிறேன். பகலெல்லாம் போட்டும் ராத்திரி தொல்லை போகவில்லை. ஊசி போட்டுக்கொள்ளலாமா? எனக்குச் சர்க்கரை உண்டு. – வாசகி, தஞ்சாவூர்

முதலில் அந்த ஸ்பிளிண்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே உள்ளங்கைப் பக்கம் ஒரு அலுமினியப் பட்டை இருக்கும். கடையில் வாங்குகிற பலவற்றில் அது 20, 30 டிகிரி மேல்நோக்கி வளைந்தே வருகிறது. சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் அந்த வளைவு சரி. உங்களுக்குச் சரிப்படாது. மணிக்கட்டு கீழே மடங்கினாலும் மேலே வளைந்தாலும் குகைக்குள் அழுத்தம் ஏறும். நேராக இருக்கும்போதுதான் குறைவு. பட்டையை உருவி எடுத்து, மேசை விளிம்பில் வைத்து நேராக்கி, திரும்பச் செருகுங்கள். போட்டுக்கொண்ட பின் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள்.

விரல்கள் முழுதாக மடங்க வேண்டும். ஸ்பிளிண்ட்டின் விளிம்பு உள்ளங்கையின் குறுக்கு ரேகையைத் தாண்டினால் விரல் இறுகிப்போகும். வெல்க்ரோவை மணிக்கட்டின் மேல் இழுத்துக் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் எதைக் குறைக்க முயல்கிறோமோ அந்த அழுத்தத்தை நாமே கூட்டுகிறோம். பகலில் வேண்டியதில்லை, இரவு தவறாமல், குறைந்தது ஆறு வாரம். மூன்று வாரத்தில் கைவிடுவது அவசரம்.

ஊசியைப் பற்றி. பொதுவாக மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. ஒரே தடவை போடுகிறோம். முதல் ஆறு வாரத்தில் ஸ்பிளிண்ட்டைவிட ஊசிக்குப் பலன் கூடுதல். ஆறு மாதம் போனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஒரு வருஷத்துக்குள் பலருக்கும் தொல்லை திரும்புகிறது. ஆனால் ஊசி நன்றாகக் கேட்டது என்றால் நோய் அங்கேதான் என்பதும் உறுதியாகிறது. ஊசி உள்ளே போகும்போது விரலுக்குக் கரண்ட் பாய்ந்தது போல் இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசி முனை நரம்பைத் தொடுகிறது, பின்னுக்கு இழுத்து இடம் மாற்ற வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாத வலி அது. அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவது இன்னும் நல்லது.

சர்க்கரை உள்ளவர் நீங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இன்சுலின் போடுகிறவரானால் முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுவையுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும், மங்க மாதங்கள் ஆகும். ஒரே கையில் இரண்டு தடவைக்கு மேல் கேட்டு வாங்காதீர்கள். கட்டைவிரல் மேடு சுருங்கியிருந்தால் முதல் ஊசியே வேண்டாம். வலி மறைந்துவிடும், நரம்பு மட்டும் உள்ளே செத்துக்கொண்டிருக்கும்.

எட்டாவது மாதம். இரண்டு கையும் மரத்துப்போகிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? – வாசகி, யாழ்ப்பாணம்

குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உடம்பில் நீர் கோப்பதால் வருவது. நேரான ஸ்பிளிண்ட்டை இரவில் போடுங்கள். பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களில், மாதங்களில் தானே குறையும். ஆனால் கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் இதை மணிக்கட்டு விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பார்களா, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம், தோற்றுப்போனால் என்ன ஆகும்? வயது 58. – வாசகர், கோயம்புத்தூர்

முழு மயக்கம் வேண்டாம். உள்ளங்கையில் மட்டும் மரக்கும் ஊசி போதும். இப்போது பலரும் மரக்கும் மருந்தான லிக்னோகெய்னோடு 1:1,00,000 அட்ரினலின் சேர்த்துப் போட்டு, ரத்தம் அடங்க அரை மணி நேரம் காத்திருந்து செய்கிறார்கள். புஜத்தில் இறுக்கிக் கட்டும் பட்டை தேவைப்படுவதில்லை. அந்தப் பட்டைதான் பலருக்கு ஆபரேஷனைவிட வலி. உள்ளங்கையின் அடியில் சுமார் 3 செ.மீ. கீறி, குகையின் கூரையான தசைநார்ப் பட்டையை முழு நீளத்துக்கும் வெட்டிப் பிரிப்பார்கள். கால் மணி நேர வேலை. அன்றே வீடு. எண்டோஸ்கோப் மூலம் செய்தால் கொஞ்சம் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆகவே எந்த முறை என்பதைவிட, உங்கள் மருத்துவருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்று பாருங்கள்.

அன்று மாலையிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி நீட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் கையை நெஞ்சு உயரத்துக்கு மேலேயே வைத்திருங்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். எழுத்து வேலை, கம்ப்யூட்டர் வேலைக்கு ஓரிரு வாரம். மெஷின், சுமை வேலைக்கு நான்கிலிருந்து ஆறு வாரம்.

ராத்திரி வலி முதல் சில நாட்களிலேயே போய்விடும். மரத்த உணர்ச்சி மெல்லத்தான் திரும்பும், மாதக்கணக்கில். பிடிமானம் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட முதலில் குறைந்து, மூன்று மாதத்தில் சமமாகும். உள்ளங்கை அடியில் இரு ஓரமும் ஊன்றினால் வலிப்பதும் அந்த மூன்று மாதத்துக்கு இயல்பு. கையூன்றி எழும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள், பயப்பட வேண்டாம்.

என்ன தவறாகலாம் என்று கேட்டீர்கள், சரியான கேள்வி. முதலாவது, பட்டையின் விரல் பக்க நுனி வெட்டுப்படாமல் விட்டுப்போவது. அப்போது ஆபரேஷனுக்குப் பிறகும் ராத்திரி தொல்லை ஒரு நாள்கூடக் குறைந்திருக்காது. சில மாதம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பினால் அது தழும்பு இறுகியதால் வருவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். இரண்டாவது, கட்டைவிரல் மேட்டுக்குப் போகும் கிளை நரம்பு சிலருக்குப் பட்டையைத் துளைத்துக்கொண்டு போகும். அது அடிபட்டால் கட்டைவிரல் பலம் போகும். அரிதானது, ஆனால் நடக்கக்கூடியது. மூன்றாவது, கை முழுவதும் வீங்கி, பளபளத்து, துணி பட்டாலே எரிகிறது என்றால் அது சிக்கலான வலிநோய். உடனே பிசியோதெரபி தொடங்க வேண்டும்.

நன்றாகிவிட்ட பிறகு ஆர்வத்தில் கரண்ட் சோதனையைத் திரும்பச் செய்து, எண் இயல்பாகவில்லை என்று கலங்காதீர்கள். அறிகுறி முழுதாகப் போன பிறகும் அந்த எண்கள் பழையபடி வராமலே இருந்துவிடுவதுண்டு.

உங்கள் வயதில் ஆண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் இந்த நோய், கூடவே நடந்தால் மூச்சு வாங்குகிறது, அல்லது இடுப்பில் முதுகுத்தண்டுக் குழாய் குறுகியிருக்கிறது, அல்லது புஜத்தின் தசைநாண் தானாக அறுந்திருக்கிறது என்றால், ஆபரேஷனின்போது தசைநாண் உறையில் ஒரு துணுக்கு எடுத்து அமிலாய்டு பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அமிலாய்டு புரதம் மணிக்கட்டில் படிந்து, பல வருஷம் கழித்து இதயத்தில் வெளிப்படுவது உண்டு. கைக்காகப் போனவருக்கு இதய நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வாய்ப்பு அது.

லாரி ஓட்டுகிறேன், வயது 36. வலது சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்தே கிடக்கிறது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கை குழிந்துவிட்டது. – வாசகர், நாமக்கல்

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். குழி விழுந்துவிட்டது என்றால் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுண்டு விரல் அல்நார் நரம்பின் பொறுப்பு. முழங்கையின் உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே அது ஓடுகிறது. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை சுரீர் என்று பாயுமே, அதே நரம்புதான். முழங்கையை மடக்கினால் அது இழுபடுகிறது, அது போகும் குகையும் குறுகுகிறது. நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநருக்கு வலது பக்கம் கதவு. ஜன்னல் விளிம்பில் வலது முழங்கையை மடக்கி ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டும்போது, அழுத்தமும் இழுவையும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ராத்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதும், தலைக்கு அடியில் கையை மடக்கித் தூங்குவதும் அதையே செய்கின்றன.

ஒரு தாளை இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரல் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடியுங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். பலமில்லாத கையின் கட்டைவிரல் நுனிக் கணு மடங்கிக்கொண்டு பிடிக்கும். உள்ளங்கைத் தசை செய்ய வேண்டிய வேலையை வேறு நரம்பின் தசை ஏற்றுக்கொள்கிறது என்று அதற்குப் பொருள்.

முழங்கையா, மணிக்கட்டா என்று பிரிக்கவும் வழியுண்டு. சுண்டு விரல் பக்கத்துப் புறங்கைத் தோலைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் மரத்திருந்தால் முழங்கை. அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. புறங்கை நன்றாக இருந்து விரல் மட்டும் மரத்தால், மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கம் உள்ள கியோன் குழாயில் நெருக்கம். அங்கே நீர்க்கட்டி காரணமாக இருப்பது அதிகம், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்க வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரில் உள்ளங்கையை அழுத்தி நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கும் இது வரும்.

கரண்ட் சோதனையின்போது முழங்கையை 70 முதல் 90 டிகிரி மடக்கி வைத்துத்தான் அளக்க வேண்டும். நீட்டி வைத்து அளந்தால் நரம்பு தொய்ந்துகிடக்கும், தோலின் மேல் டேப் காட்டும் தூரம் உண்மையைவிடக் குறையும், இல்லாத நோய் இருப்பதாக ரிப்போர்ட் வரும். முழங்கைப் பகுதியில் வேகம் செகண்டுக்கு 50 மீட்டருக்குக் கீழே, அல்லது முன்கையில் உள்ளதைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தால் நெருக்கம் அங்கேதான்.

வெறும் மரப்பு மட்டும் உள்ளவர்களுக்கு மூன்று மாதம் ஆபரேஷன் இல்லாமல் பார்க்கலாம். தூங்கும்போது ஒரு துவாலையை முழங்கையைச் சுற்றி உருட்டி, தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். 45 டிகிரிக்கு மேல் மடங்கவிடாது. ஊன்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மணிக்கட்டைப் போல இங்கே ஸ்டீராய்டு ஊசி கைகொடுப்பதில்லை.

உங்களுக்கு அந்த மூன்று மாதம் கிடையாது. நசுங்கிய இடத்திலிருந்து நரம்பு நாளுக்கு 1 மி.மீ. அளவில்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசை வரை 25 செ.மீ.க்கு மேல், கணக்குப் போட்டால் எட்டு, ஒன்பது மாதம். நரம்பு இல்லாமல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கிடந்த தசை நாராகிவிடும்; பிறகு நரம்பு வந்து சேர்ந்தும் பயனில்லை. நரம்பை அதே இடத்தில் விடுவிப்பது, எலும்பு முனைக்கு முன்பக்கம் மாற்றி வைப்பது என்று இரண்டு வகை ஆபரேஷன். பலன் ஏறக்குறைய சமம். மாற்றி வைப்பதில் சிக்கல் கொஞ்சம் கூடுதல். மடக்கும்போது நரம்பு எலும்பின் மேல் தாவுகிறவர்களுக்கு மட்டும் மாற்றி வைப்பதே சரி.

ஆனால் கத்தி வைப்பதற்கு முன் ஒன்றைத் தவறவிடக் கூடாது. முழங்கைக்குச் சற்று மேலே நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா, உடம்பில் எங்காவது வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொழுநோய் மிகவும் விரும்பித் தாக்கும் நரம்பு இதுதான். ஒழிந்துவிட்டது என்று நினைத்து அதைத் தேடாமல் விடுவதால் கைகள் முடங்குகின்றன. அதற்குக் கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். நரம்பு புதிதாகச் செயலிழந்திருந்தால் பிரட்னிசோலோனும் சேர்த்துக் கொடுப்பார்கள். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று ஆபரேஷன் இருக்கிறது. வேலூரில் அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்காகவே அதைச் செய்து வளர்த்தார். அந்த நிலைக்குப் போகாமல் தடுப்பதுதான் நம் வேலை.

வலது தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, பேன்ட் உரசினால் தாங்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 டிஸ்க் பிதுக்கம் என்று வந்திருக்கிறது. காவல்துறையில் இருக்கிறேன். – வாசகர், விழுப்புரம்

கீழ்முதுகின் எல்4–எல்5 டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி முழங்காலுக்குக் கீழே, கணுக்காலும் பாதத்தின் மேல்பக்கமும் வரை போகும். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிவதற்கு அந்தப் படம் பொறுப்பல்ல. இடுப்பு எலும்பின் முன் முனைக்குச் சற்று உள்ளே, கவட்டைத் தசைநாருக்கு அடியில் ஒரு உணர்ச்சி நரம்பு நுழைந்து தொடைக்குப் போகிறது. பணியில் கட்டும் கனமான பெல்ட் அதன் மேல்தான் உட்காருகிறது. தொந்தி சரிந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இடுப்பில் தாழ்வாகப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கும் வரலாம். இது தசைக்குப் போகாத நரம்பு. ஆகவே காலில் பலக்குறைவோ முழங்கால் அனிச்சையில் மாற்றமோ இருக்கக் கூடாது. இருந்தால் முதுகைத் தேட வேண்டியதுதான்.

பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள், பையில் சாவிக்கொத்தும் போனும் அந்தப் பக்கம் வேண்டாம், எடையைக் குறையுங்கள். பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கும். அடங்காவிட்டால் அந்த எலும்பு முனையருகே ஒரு ஊசி. ஆபரேஷன் மிகச் சிலருக்கே.

சர்க்கரை 12 வருஷமாக. இரண்டு பாதமும் எரிகிறது. கணுக்காலிலும் கார்பல் டனல் மாதிரி ஒன்று இருக்கிறதாம், ஆபரேஷன் செய்தால் எரிச்சல் போகும் என்கிறார்கள். விட்டமின் ஊசி வாராவாரம் போடுகிறேன். – வாசகி, சேலம்

கணுக்காலின் உள்பக்க முட்டிக்குப் பின்னால் டார்சல் டனல் என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அதில் நெருக்கம் என்றால் பெரும்பாலும் ஒரு பாதம்தான் எரியும். நின்றால், நடந்தால் கூடும். அந்த முட்டிக்குப் பின்னால் தட்டினால் உள்ளங்காலுக்குப் பாயும். குதிகால் பலருக்குத் தப்பியிருக்கும். இரண்டு பாதமும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி சாக்ஸ் அளவுக்கு மேலே ஏறிவருவது சர்க்கரையால் வரும் நரம்புச் சேதம். அதற்குக் குகையைத் திறந்து என்ன பயன்? 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சியைப் பார்க்கும் நைலான் இழை), 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் (அதிர்வு உணர்ச்சியைப் பார்க்கும் கவை) இரண்டாலும் பாதத்தைச் சோதித்த பிறகு பேசுங்கள். உண்மையான டார்சல் டனலிலும்கூட ஆபரேஷன் பலன் மணிக்கட்டைப் போல நிச்சயமானதல்ல. நீர்க்கட்டியோ கொழுப்புக்கட்டியோ அழுத்துவது படத்தில் தெரிந்தவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கிறது.

விட்டமின் விஷயம் முக்கியம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறையலாம். ரத்தத்தில் அளந்து, குறைந்திருந்தால் போடுவது நியாயம். அளக்காமல் வாராவாரம் போடுவது நியாயமில்லை. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தை எரியவைக்கும். ஊசிக்குப்பியிலும் மாத்திரை அட்டையிலும் பைரிடாக்சின் (பி6-இன் இன்னொரு பெயர்) எத்தனை மி.கி. என்று படித்துப் பாருங்கள். நரம்பு குகைக்குள் நெருக்குப்பட்டதற்கு எந்த விட்டமினும் மருந்தல்ல.

அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. நேற்றிலிருந்து விரல் மரத்து வலி கூடுகிறது. கட்டு போட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். – வாசகர், திருநெல்வேலி

இந்தக் கடிதத்துக்குத் தபாலில் அன்றே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. முறிவுக்குப் பிறகு கையைத் தூக்கிவைத்தும், மாத்திரை போட்டும், மணிக்கு மணி வலி ஏறி, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துக்கொண்டே போனால் அது அவசரம். மணிக்கட்டைக் கீழே நன்றாக மடக்கி மாவுக்கட்டு போட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கட்டை முழு நீளத்துக்கும் பிளந்து, உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும் வரை வெட்டி, மணிக்கட்டை நேராக்க வேண்டும். மேலே உள்ள மாவை மட்டும் வெட்டிவிட்டுப் பஞ்சை விட்டுவைத்தால் அழுத்தம் குறையாது. அதற்குப் பிறகும் ஓரிரு மணி நேரத்தில் மரப்பு குறையவில்லை என்றால் அன்று இரவே ஆபரேஷன். விரலை மற்றவர் நீட்டிவிட்டாலே துடிக்கிற வலி இருந்தால் முன்கைத் தசைகளுக்குள்ளும் அழுத்தம் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்காமல், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.